எஞ்சினுக்கு அடியில் இரண்டு துண்டு ரப்பர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. என் காரின் கண்ணாடியில், பின்னால் வந்த ஒரு லொறி மூன்று லொறியாகத் தெரிந்தது.

கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வயது அறுபத்தொன்று ஆகிறது... கண்ணும் எத்தனை நாளைக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும்? அப்புறம் கவனித்தால், நடுங்கியது கண்ணாடி. அதில் தொங்கிய ஜெபமாலை நடுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகளும், கையில் கிடந்த வளையல்களும், முன்னால் வைத்திருந்த கிளினிக் கொப்பியும்கூட நடுங்கின.

பக்கத்து சீட்டில் இவர் இருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தூங்குறீங்களா?" என்றேன்.

"எ... எ... எப்பிடித் தூங்குறது?" என்றார்.

இந்தப் பத்தியை இன்றைக்குத்தான் முதல் தடவை படிக்கிறீர்கள் என்றால், இவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். என் வீட்டுக்காரர், பெயர் அருளப்பன். கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் பீல்ட் ஒபீசராக இருந்தவர். இப்போது அவருடைய இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. தோட்டத்தில் எத்தனையோ வேலைநிறுத்தங்களைப் பேசித் தீர்த்த மனிதர்தான். ஆனால் இவை பேச்சுவார்த்தைக்கே வர மாட்டேன் என்கின்றன!

அதனால் இரண்டு வருஷமாக, திங்களும் வியாழனும் காலையில் இரத்தினபுரி ஆஸ்பத்திரி. நான்கு மணித்தியாலம் மெஷினோடு படுத்திருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். கார் ஓட்டுவது நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்த காலத்திலேயே லைசன்ஸ் எடுத்து வைத்தது இப்போது உதவுகிறது.

மெஷினை விட்டு இறங்கி வருகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி இருப்பார். பேச்சு இருக்காது. சாப்பாடு வேண்டாம். தூக்கம் ஒன்றுதான் வேண்டும். இராத்திரியில் அதுவும் கிடையாது. உடம்பு அரிக்கும், கால் இழுக்கும், விடிய விடியப் புரளுவார். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுக் கார் புறப்பட்டு, டவுன் நெரிசலைத் தாண்டியதும் தலை மெல்ல ஜன்னல் பக்கம் சாயும்... அவ்வளவுதான். வீடு வரும் வரைக்கும் அசைய மாட்டார்.

எனக்கும் அந்த ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

அது ரப்பர் மரங்கள் இலை கொட்டுகிற காலம். பச்சையெல்லாம் செம்பு நிறமாகி, காற்றில்லாத மத்தியானத்திலும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக மரங்கள். வெயில் அவற்றுக்கு ஊடாக விட்டு விட்டு முகத்தில் விழும். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல்... நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போவார்கள். போகட்டும். அவர்களுக்கு அவசரம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்பதுகூட எனக்குச் சில சமயம் மறந்துபோகும். இவர் தோட்டத்தில் வேலை முடித்து வந்து களைப்பில் தூங்குகிறார் என்று தோன்றும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நோயே கிடையாது.

அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் நான் அந்தத் திங்கட்கிழமை தொலைத்துவிட்டு நின்றேன்.

காரணம் எஞ்சின் மவுண்ட். எஞ்சின் என்பது பிறவியிலேயே நடுங்குகிற சாமான். அதை அப்படியே இரும்போடு இரும்பாக முடுக்கிவிட்டால் உள்ளே யாரும் உட்கார முடியாது. அதனால் நடுவில் ரப்பர் வைத்துத்தான் உட்கார வைப்பார்கள். நடுக்கத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும், நமக்கு வராது. எங்கள் காரில் அந்த ரப்பர் கிழிந்துபோயிருந்தது. முந்தின சனிக்கிழமை சுனில் பாஸின் கராஜில் விட்டேன்.

"ஒரிஜினல் இப்ப இல்ல மிஸ். இது பழைய மாடல்," என்றார் சுனில் பாஸ். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் இரண்டு உருண்டைகளைக் காட்டினார். "இத போடுவோம். ரேஸ் காருக்கு எல்லாம் இதுதான். கல்லு மாதிரி. நியம படு!"

நியம படு என்றால் அசல் சரக்கு. சுனில் பாஸ் அப்படிச் சொன்னால் இந்தப் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நானும் பேசவில்லை. கல்லு மாதிரி என்று அவர் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கல்லின் மேல் யார் தூங்குவார்கள்?

அடுத்த வாரம் முழுக்க வைத்தியம்தான். சீட்டுக்கு ஒரு மெத்தை போட்டேன். இவர் கழுத்துக்கு ஒரு தலையணை வைத்தேன். ஏசியை நிறுத்திப் பார்த்தேன். நடுக்கம் மோசமாவது கார் நிற்கும்போதுதான் என்பதால், ரோட்டுக் கடவையில் நிற்கும்போதெல்லாம் கியரை எடுத்துவிட்டேன். சுனில் பாஸ் எஞ்சினை ஓடவிட்டபடியே நட்டுகளைத் தளர்த்தி, அது தானாக உட்கார்ந்த இடத்தில் திரும்பவும் இறுக்கினார். கொஞ்சம் குறைந்தது. லொறி மூன்றிலிருந்து இரண்டானது.

"ஓட ஓட செட் ஆகும் மிஸ்."

அது செட் ஆகவில்லை. இவர் தலை ஜன்னலில் சாய்ந்தால் கண்ணாடி தலையைத் தட்டித் தட்டி எழுப்பியது. தூங்க முடியாமல் தலைவலி வந்தது. தலைவலியோடு வாந்தியும் வந்தது. பெல்மடுல்லையில் ஒரு தடவை, கஹவத்தைக்குக் கிட்ட ஒரு தடவை என்று வழியில் நிறுத்தி நிறுத்தி வந்தோம்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை பின்னேரம், இவர் மெதுவாகச் சொன்னார்:

"நாளைக்கு வேணாமே ரீட்டா."

"என்ன வேணாம்?"

"ஆஸ்பத்திரி. அந்த மெஷின்கூடப் பரவால்ல. திரும்பி வர்றத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. கையில் இருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் தவறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவேயில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. கெஞ்சித்தான் மறுநாள் கூட்டிப் போனேன். இந்த மனிதரின் உயிர், எஞ்சினுக்கு அடியில் கிடக்கிற இரண்டு துண்டு ரப்பரில் வந்து நின்றுவிட்டதே!

அதுவும் யாருடைய உயிர்? முப்பது வருஷம் ரப்பர் பால் சேகரிக்க வைத்தவருடைய உயிர். ஊரெல்லாம் ரப்பர். வீட்டைச் சுற்றியும் ரப்பர். வெளிநாட்டுக்காரன் செருப்புக்கு அடியில்கூட எங்கள் ரப்பர். எங்கள் காருக்கு மட்டும் இல்லை.

இதையே புலம்பலாக நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சேவியர் வந்தார். தோட்டத்து ரப்பர் பெக்டரியில் சூப்பர்வைசர். இவர் வேலையில் சேர்த்துவிட்ட ஆள். அதனால் இவருக்காக எதையும் செய்வார். எதையும் என்றால்... எதையும்.

"என்ன அக்கா பேசுறீங்க? ஒலகத்துக்கே நாங்க குடுக்குறோம், அண்ணனுக்கு இல்லாத ரப்பரா?"

மறுநாள் காலையில் ஒரு பார்சலோடு வந்தார். சோல் கிரேப். செருப்பின் அடிக்குப் போடுவதற்காக, மெல்லிய ரப்பர் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அழுத்திச் செய்கிற பலகை. பால்கோவா நிறத்தில் இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போய், எடுத்தால் திரும்பி வரும். அதைச் சேவியர் வட்டம் வட்டமாக வெட்டி, அடுக்கி, ஓரத்தைச் சீவி, அளவாக இரண்டு உருண்டை செய்திருந்தார்.

சுனில் பாஸ் அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார்.

"மே மொகக்த சேவியர்? என்ன இது, காருக்குச் செருப்பா?"

"போடுங்க பாஸ். அண்ணன் தூங்கணும்."

சுனில் பாஸ் ஸ்பேனரை எடுத்தார். போட்டார்.

அடுத்து வந்த திங்கட்கிழமையை நான் மறக்க மாட்டேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை! இறங்கி பொனட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஓடியது. ரோட்டில் இறங்கினோம். கார் போவது மாதிரியே இல்லை. மரங்கள்தான் எங்களைத் தாண்டி மெல்லப் பின்னால் போயின. திரும்பி வரும்போது டவுனைக்கூடத் தாண்டவில்லை, இவர் தலை சாய்ந்துவிட்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. செம்பு நிற இலை ஒன்று முன் கண்ணாடியில் வந்து ஒட்டி, கஹவத்தை வரைக்கும் எங்களோடு வந்தது. நான் அழுதுகொண்டே ஓட்டினேன். சந்தோஷத்தில்தான்.

திங்கள், வியாழன், திங்கள் என்று மூன்று பயணம் அப்படிப் போனது.

அடுத்த வியாழக்கிழமை காலை. பெல்மடுல்லை தாண்டி இரத்தினபுரிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். இவர் மூக்கைச் சுளித்தார்.

"ரீட்டா... ரப்பர் வேகுது."

நான் பதில் சொல்வதற்குள் காருக்கு அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். கியர் மாறவில்லை. கார் முழுக்கக் குலுங்கி நின்றது. பொனட்டைத் திறந்தால், எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சேவியரின் உருண்டை இரண்டும் பாகாகி, இரும்பு வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.

அது பதப்படுத்தாத பச்சை ரப்பர். வெயிலில் வைத்தாலே இளகி ஒட்டும். ஒயில் பட்டால் ஊதும். அதைக் கொண்டுபோய் எஞ்சின் சூட்டில் வைத்தால்?

"ஏங்க, இது ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெரியும்."

"சேவியருக்கு?"

"அவனுக்குத் தெரியாமயா பெக்டரியில இருக்கான்?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"ஒனக்கும்தான் தெரியும். முப்பத்தஞ்சு வருஷமா தோட்டத்துல இருக்க. நீ ஏன் சொல்லல?"

உண்மைதானே! தெரிந்த மூன்று பேர் சேர்ந்து, தெரியாதவர்கள் செய்கிற ஒரு காரியத்தைச் செய்திருக்கிறோம். ரப்பர் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. வேறு ஊர்க்காரன் என்றால் ரப்பரை இவ்வளவு நம்பியிருக்க மாட்டான். ஒருவர் நல்லாயிருக்க வேண்டும் என்ற ஆசை ரொம்பப் பெரிதாக வந்துவிட்டால், நமக்குத் தெரிந்ததையெல்லாம் நாமே எடுத்து மூலையில் வைத்துவிடுகிறோம், இல்லையா?

இவர் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"திரும்பிருவோம் ரீட்டா."

"மெஷின் காத்துக்கிட்டு இருக்குங்க. இன்னைக்கி விட்டா இனித் திங்கக்கிழமைதான்."

"திங்கக்கிழமையும் வேணாம். போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. சண்டையாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். கணக்கு வராத பிள்ளை புத்தகத்தை மூடி வைப்பதுபோல அவ்வளவு அமைதியாகச் சொன்னார். எனக்குக் கால் நடுங்கியது. கார்தான் நின்றுவிட்டதே, அப்புறம் எனக்கு ஏன் நடுங்க வேண்டும்?

ஓட்டோ ஒன்றையும் காணவில்லை. வந்தது ஒரு பஸ். கையை நீட்டிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் பழக்கின குரலை எடுத்தேன்.

"ஏறுங்க!"

ஏறினார். அந்தக் குரலுக்கு யாரும் இதுவரை மறுத்ததில்லை.

உள்ளே நிற்க இடமில்லை. கொண்டக்டர் இவர் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்தார். "அம்மே, லெடெக்த?" என்றார். நோயாளியா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன் சிங்களத்தில். முன் சீட்டில் இருந்த ஒரு மனிதர் யாரும் சொல்லாமலே எழுந்துவிட்டார். இருபது நிமிஷம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் மிஸ்ஸிடம் இரண்டு பாஷையிலும் ஏச்சு வாங்கினேன். ஆனால் மெஷின் கிடைத்தது.

காரின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே கேட்டு எழுதுவீர்கள். சுனில் பாஸ் வந்து இழுத்துக்கொண்டு போனார். யாரோ கழித்துப் போட்ட அதே மாடல் கார் ஒன்றிலிருந்து நல்ல ஒரிஜினல் மவுண்டுகளை எம்பிலிப்பிட்டியவில் தேடிப் பிடித்து, சனிக்கிழமையே போட்டுவிட்டார். இப்போது பின்னால் ஒரு லொறி வந்தால் ஒரு லொறிதான் தெரிகிறது. சேவியர் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. இவர்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டு, "மூணு தடவ நிம்மதியாத் தூங்க வச்சியேடா, அது போதாதா?" என்றார். சேவியர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வியாழக்கிழமை, திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றி.

இரத்தினபுரி ஸ்டாண்டிலேயே ஏறியதால் இரண்டு பேருக்கும் சீட் கிடைத்தது. பழைய பஸ். புறப்பட்டதும் ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடகடத்தது. சீட் கம்பி உள்ளங்கையில் கூசியது. என் மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே நிற்கவில்லை. எங்கள் கார் மஞ்சள் உருண்டையோடு ஓடிய நாளெல்லாம் இதற்கு முன்னால் தொட்டில்! முடிந்தது, வழியெல்லாம் வாந்திதான் என்று மடியில் பையைத் தயாராக விரித்து வைத்துக்கொண்டேன்.

இவர் என் தோளில் சாய்ந்தார். தூங்கிவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. இந்த ஆட்டத்தில் எப்படி? அப்புறம் யோசித்தேன். இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் இருந்து திரும்புகிற வழியில் நான் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில், கண் ரோட்டில். இவர் சாய்ந்ததெல்லாம் கண்ணாடியில். அன்றைக்குத்தான் என் இரண்டு கையும் சும்மா இருந்தது.

சும்மா இருந்த கையால் இவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டுக்கு மேலே, மெஷினுக்காகச் சின்ன ஒப்பரேஷன் செய்து இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் இரத்தம் ஓடுவது தெரியுமாம், மெல்லிய ஒரு நடுக்கமாக. தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், அது நின்றுவிட்டால் உடனே ஓடி வர வேண்டும் என்று நர்ஸ் மிஸ் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவர் காலையில் தானே பார்த்துக்கொள்வார். நான் தொட்டதில்லை. "இருக்கா?" என்று கேட்டதுமில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

அன்றைக்குத் தொட்டேன். கட்டுப் போட்ட இடத்தில் படாமல், கொஞ்சம் கீழே, இரண்டு விரலை மட்டும் வைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. பஸ் நடுங்குகிறது, சீட் நடுங்குகிறது, என் விரலும் நடுங்குகிறது. இதில் எது பஸ், எது இவர்? வெளியே செம்பு இலைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விரலை எடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் தைரியமில்லை.

பெல்மடுல்லை ஸ்டாண்டில் டிரைவர் பஸ்ஸை ஓரமாக விட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, டீ குடிக்க இறங்கினார்.

ஜன்னல்கள் அடங்கின. கம்பி அடங்கியது. வடை விற்கிறவர்கூட அந்த நிமிஷத்தில் கூவவில்லை. என் விரலுக்கு அடியில் மட்டும் அடங்கவில்லை. சின்னதாக, விடாமல், ஓடிக்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறக்காமலே இவர் கேட்டார்:

"என்ன... ஓடுதா?"

"ஓடுதுங்க."

திரும்பவும் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"திங்கக்கிழமை எத்தன மணிக்கு பஸ்ஸு?"

காலை ஆறேகாலுக்கு. கார் வீட்டில் நிற்கட்டும். நடுக்கமில்லாமல் நிற்க அதற்கு இப்போது நன்றாகவே தெரியும்.